எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா?

எட்டாவது படிக்கிற மகன் நேற்று ராத்திரி பத்து மணி வரை நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தான். இங்கிலீஷ் கிராமரில் கலெக்டிவ் நௌன், அதாவது கூட்டத்தைக் குறிக்கிற பெயர், முப்பது மனப்பாடம். சிங்கக் கூட்டத்துக்கு 'பிரைடு', மீன் கூட்டத்துக்கு 'ஸ்கூல்', காக்கைக் கூட்டத்துக்கு 'மர்டர்'. காக்கை என்ன கொலையா செய்தது என்று கேட்கிறான். வாழைக்குச் சீப்பு, தார், ஆட்டுக்கு மந்தை, தென்னைக்குத் தோப்பு என்று தானாகச் சொல்கிற பிள்ளை இவன். அங்கிருந்து ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். டீச்சர்கள் ஏன் ஆரம்பிக்க மாட்டேன் என்கிறார்கள்?

பிராப்பர் நௌனும், அதாவது ஒன்றுக்கே உரிய தனிப் பெயரும், அப்படித்தான். இங்கிலீஷில் அதைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆறு என்றாலும் காவிரி என்றாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். அதைச் சொல்லாமல் 'கேப்பிட்டல் எங்கே?' என்று திட்டினால் எப்படி?

உரிமையைச் சொல்கிற பொசெசிவ்தான் வயிற்றெரிச்சல். ஒரு பையனின் பை என்றால் 'அப்பாஸ்ட்ரஃபி' என்கிற மேற்குறி எஸ்ஸுக்கு முன்னால், பல பையன்களின் பை என்றால் பின்னால். 'சில்ட்ரன்' வந்தால் மறுபடி முன்னால். 'இட்ஸ்' உரிமையைச் சொன்னால் குறியே கூடாது, போட்டால் 'இட் இஸ்' ஆகிவிடும். தமிழ்ப் பாடத்தில் ஆறாம் வேற்றுமை படிக்கிறான். 'அது', 'உடைய' என்று உரிமையைச் சொல்கிற அதே சங்கதிதான் இது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட ஒரு பீரியட் போதுமே!

திருத்தி வந்த விடைத்தாளில் சிவப்பு வட்டம் மட்டும்தான் இருக்கிறது. ஏன் தப்பு என்று ஒரு வரி இல்லை.