ஒப்பிடும்போது ஈரத்தையும் கணக்கில் சேருங்கள்

எங்கள் மாவட்ட வரலாற்று ஆர்வலர் வட்டத்தில் பண்டைய கிழக்கு, மேற்கு நாகரிகங்களை ஒப்பிட்டுக் கொஞ்ச காலமாகப் பேச்சு நடக்கிறது. கல்லூரிப் பேராசிரியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் என்று விஷயம் அறிந்தவர்கள் கூடும் இடம். ஆனால் எங்கே தொடங்கினாலும் பேச்சு "யார் மூத்தவர்" என்பதில் வந்து முட்டிக்கொள்கிறது. ஒருவர் ஏதென்ஸ் என்றால் இன்னொருவர் கீழடி என்பார். அதோடு நேரம் முடிந்துவிடும்.

போன கூட்டத்தில் மட்டும் ஒரு நண்பர் உருப்படியான கேள்வி ஒன்று கேட்டார். "ரோமானியர் கணக்கு எழுதினார்கள், கடன் பத்திரம் போட்டார்கள், ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள். அதே காலத்தில் நம்மிடம் பாட்டைத் தவிர என்ன இருக்கிறது?" பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி அது.

ரோமானியர் காலத்துக் கணக்கு எங்கே கிடைத்தது என்று முதலில் பாருங்கள். சேர நாட்டுத் துறைமுகமான முசிறியின் பெயரால், முசிறி ஒப்பந்தம் என்று நாம் பெருமையோடு சொல்லும் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடு இன்று வியன்னாவில் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; எகிப்திலிருந்து போனது. ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தம்: சரக்கைச் செங்கடல் கரையில் இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனம் கடந்து, நைல் வழியாக அலெக்சாந்திரியா கொண்டுபோய், கால் பங்கு சுங்கம் கட்ட வேண்டும். மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு: கங்கைப் பகுதி நறுமணத் தைலப் பொருள், யானைத் தந்தம் என்று வரி வரியாக எடையும் விலையும். இது பிழைத்ததற்கு ஒரே காரணம் எகிப்தின் வறட்சி. ரோம் நகரத்தின் மண்ணிலிருந்து இப்படிப்பட்ட பாப்பிரஸ் கணக்குகள் ஏறக்குறைய எதுவுமே நமக்கு வந்து சேரவில்லை.

இன்னொரு இடம், பிரிட்டனின் வடக்கே விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை. 1973 முதல் அங்கே மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்து வருகின்றன. கி.பி. 100ஐ ஒட்டி, ஒரு படைத்தலைவரின் மனைவி தன் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதியது அதில் ஒன்று. கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார்; கடைசியில் "நீ அவசியம் வர வேண்டும், சகோதரி" என்ற தொனியில் சில வரிகளை அந்தப் பெண்ணே கைப்பட எழுதிச் சேர்த்திருக்கிறார். காற்றுப் புகாத சேறு அதைக் காப்பாற்றிக் கொடுத்தது.

நம் ஊருக்கு அந்த வறட்சியும் இல்லை, அந்தச் சேறும் இல்லை. ஈரமும் கரையானும்தான் உண்டு. ஓலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. யாராவது உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்து எழுதினால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். எதைப் பெயர்த்து எழுதுவார்கள்? பாட்டை எழுதுவார்கள், இலக்கணத்தை எழுதுவார்கள், மருத்துவத்தை எழுதுவார்கள். தீர்ந்துபோன கடன் பத்திரத்தை யார் எழுதுவார்கள்? அதனால்தான் மிளகை வாங்கிக்கொண்டு பொன்னைக் கொடுத்துப் போன யவனர் கப்பல் அகநானூற்றில் இருக்கிறது. அந்த மிளகின் விலை மட்டும் நம்மிடம் இல்லை. விலையை அந்தப் பக்கத்தில் ரோமானிய எழுத்தாளர் பிளினிதான் எழுதி வைத்திருக்கிறார்: கருமிளகு ஒரு ராத்தலுக்கு 4 தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு).

"கணக்கு எழுதும் பழக்கமே நமக்கு இல்லாமல் இருந்திருக்கலாமே" என்று கேட்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் போய்ப் பார்க்கட்டும். ஆயிரம் ஆண்டு பிந்தியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தளிச்சேரிப் பெண்டுகள் என்ற கோயில் ஆடல் மகளிர் 400 பேரின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று ஒன்று விடாமல் வெட்டியிருக்கிறார்கள். இது ஒரே நாளில் வந்துவிடும் பழக்கமா? கல்லில் ஏறிய கணக்கு நின்றது. ஓலையோடு இருந்தது போயிற்று.

புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேட்டையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 1945இல் அங்கே தோண்டிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்டிமர் வீலர், இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த பானை ஓடுகளைக் கண்டு, அந்த இடத்தையே இந்திய-ரோமானிய வணிக நிலையம் என்று அழைத்தார். அந்த ஓடுகளை வைத்துத் தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு கால அளவுகோல் கொடுத்தார். அந்த நன்றி நமக்கு இருக்க வேண்டும். ஆனால் உள்பக்கம் வட்டம் வட்டமாகப் புள்ளிக்கோலம் போட்ட மெல்லிய தட்டுகளையும் மேற்கிலிருந்து வந்தவை என்றே எடுத்துக்கொண்டார். பிறகு தொல்லியலாளர் விமலா பெக்லி அதைக் கேள்வி கேட்டார். களிமண் ஆய்வுகளும் அவை இந்தியாவில் செய்தவை என்றே காட்டின. 1989 முதல் 1992 வரை பெக்லி குழு மறுபடி தோண்டியபோது, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது தெளிவாயிற்று. நேர்த்தியான பொருள் என்றாலே வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு ஒப்பிட்டால் இப்படித்தான் ஆகும். நம் பக்கம் சிலர் இப்போது அதையே தலைகீழாகச் செய்கிறார்கள். அதுவும் எனக்கு உடன்பாடில்லை.

எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே துறைமுகக் கோயிலில், இந்தியாவில் செய்த ஒரு பெரிய சாடியில் 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. கி.பி. முதல் நூற்றாண்டு மிளகு. அதே கரையில் குசேர் அல்-கதீம் என்ற பழைய துறைமுகத்தில் கண்ணன், சாத்தன் என்று நாம் இன்று சொல்லும் பெயர்களைத் தமிழ் பிராமியில் கீறிய ஓடுகள் கிடைத்தன. நம் ஆட்களின் தடத்தைக்கூட அந்த மணல்தான் பத்திரமாக வைத்திருந்தது. எந்த ஒப்பீட்டு உரைக்கும் இதை முதல் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

வட்டத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மாவட்டத்துப் பழைய வீடுகளின் பரண்களில் நிலக் கணக்கு, கொடுக்கல் வாங்கல் ஓலைகள் இன்னும் இருக்கின்றன. பாட்டு இல்லையே என்று யாரும் அவற்றைக் கேட்பதில்லை. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுகிறவர்களும் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு அவரவர் தெருவில் விசாரித்து, உரியவர்களின் சம்மதத்தோடு எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, எந்த ஊர், யார் வீடு என்று குறித்து வைப்போம். சுவடி வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் வட்டத்திலேயே இருக்கிறார்கள்.