பொய் உத்திரத்துக்காவது ஒரு ஒழுங்கு வேண்டாமா?

எங்கள் ஹாலில் உத்திரம் என்று மேலே தொங்குவது மரமில்லை என்று எனக்கும் தெரியும். ப்ளைவுட்டில் பெட்டி அடித்து, தேக்கு டிசைன் அச்சடித்த லேமினேட் ஷீட் ஒட்டி, ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டிய வெற்றுப் பெட்டி. கொட்டேஷனில் அதற்குப் பெயர் 'வுட்டன் ராஃப்டர்'. ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று ஒரு ரேட், அதன் தலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சரி, அழகுக்குத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும். போலி என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. அந்தப் போலியை இவ்வளவு அலட்சியமாகச் செய்வதில்தான் வயிறு எரிகிறது.

உத்திரம் என்றால் பாரம் தாங்குவது. அறையின் குறுகலான பக்கமாகத்தான் அதைப் போடுவார்கள். நீளவாக்கில் போட்டால் மரம் தொய்யும் என்பது எந்த ஆசாரிக்கும் தெரியும். எங்கள் ஹாலில் மூன்றும் நீளவாக்கில் ஓடுகின்றன. கேட்டால், "ரூம் நீளமா தெரியும் சார்" என்கிறார் டிசைனர். அதையாவது விட்டுவிடலாம். நடு உத்திரம் நேராக ஃபேன் இருக்கிற இடத்துக்கே வருகிறது. ஃபேன் கொக்கி தளத்தோடு சேர்த்து வார்த்தது, நகராது. ராடை நீட்டினால் ஃபேன் தலையில் இடிக்கும். அப்போது நகர வேண்டியது உத்திரம்தானே? இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இறக்கை சுற்றுகிற அளவுக்கு நடு உத்திரத்தை அறுத்தே எடுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, இடையில் காற்று. வீட்டுக்கு வந்த என் மாமனார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏன் மாப்ளே, இது எப்ப உடைஞ்சுது?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

அடுத்து லேமினேட். ஷீட்டின் நீளம் 8 அடிதான். உத்திரம் 18 அடி. ஆக, ஒவ்வொன்றிலும் இரண்டு இடத்தில் ஒட்டு பளிச்சென்று தெரிகிறது. அச்சடித்த கணு ஒன்று இருக்கிறது; மூன்று உத்திரத்திலும் அதே இடத்தில் அதே கணு, ஒரே பிரசவத்தில் பிறந்த பிள்ளைகளின் மச்சம் மாதிரி. அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேர்கிற விளிம்பில் லேமினேட்டின் கருத்த ஓரம் கோடு போட்டதுபோல் ஓடுகிறது. இரண்டு பலகையின் விளிம்பையும் 45 டிகிரியில் சீவிச் சேர்த்திருந்தால் அந்தக் கோடு கண்ணில் படாது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு நேரமில்லை.

இத்தனைக்கும் இது மரத்தைப் பார்க்காத ஊரா? மெட்ராஸ் டெரஸ் என்று ஒரு தளத்துக்கே இந்த ஊர் பெயர்தான். தேக்குச் சட்டங்களை வரிசையாகப் பரப்பி, சின்னச் செங்கலைக் குத்துவாக்கில் நிறுத்தி, சுண்ணாம்பில் கட்டியது. அப்படிப்பட்ட வீடுகளை இடித்துத்தான் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ஃப்ளாட் எழும்புகிறது. இறக்கிய பர்மா தேக்கு பழைய மரக்கடைக்குப் போய் வேறு யார் வீட்டுக்கோ கதவாகிறது. அது இருந்த மனையில் வருகிறவனுக்கு ப்ளைவுட் பெட்டி!

ஓரங்களை மறைக்க அடிக்கிற மெல்லிய மரப்பட்டை, அதாவது பீடிங், அதன் கதை இன்னும் மோசம். மூலையில் இரண்டு பட்டையும் 45 டிகிரியில் வெட்டிச் சேர வேண்டும். அதற்குச் சுவர் முதலில் 90 டிகிரியில் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பூச்சு வேலையில் ஒரு மூலை விரிந்திருக்கும், இன்னொன்று குறுகியிருக்கும். மூலைமட்டம் வைத்துப் பார்த்து அதற்குத் தக்கபடி இழைப்பதுதான் வேலை. இங்கே மெஷினை 45-இல் வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே வெட்டு, ஏர் கன்னில் டப் டப்பென்று ஆணி, அவ்வளவுதான். விரல் நகம் நுழைகிற சந்து. "பட்டி பாத்தா தெரியாது சார்" என்றார் கார்பென்டர். பெயிண்டரோ, "இது கார்பென்டர் வேலை சார்" என்று கையை விரித்தார். சூப்பர்வைசர் ஒரு டியூப் பிரவுன் சிலிக்கானைப் பிதுக்கிவிட்டுப் போனார். அது இப்போது தூசி பிடித்துக் கறுத்திருக்கிறது.

தரையோரம் சுவரை ஒட்டி ஓடுகிற ஸ்கர்ட்டிங் பட்டை எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற வீட்டில், தண்ணீர் பட்டால் உப்புகிற பலகையைத் தரையோடு ஒட்டி வைக்கிற மூளையை என்ன சொல்ல? உப்பிவிட்டது என்று போன் செய்தால், "வேலைக்கு வர்ற அக்காவ ஈரமில்லாம தொடைக்கச் சொல்லுங்க சார்" என்று அறிவுரை வருகிறது.

கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறேன். நேற்று டிசைனரே கூப்பிட்டார். சரிசெய்யத்தான் வருகிறார்களாக்கும் என்று நினைத்தேன். ஹாலை போட்டோ எடுத்துப் போட வேண்டுமாம். "ஒரு ரெண்டு மணி நேரத்துக்கு ஃபேனை மட்டும் கழட்டி வைக்க முடியுமா சார்?"