துனிசியாவில் அமையாமல் போன நீதிமன்றம்

இஸ்லாமியச் சமூகத்தில் எல்லோரும் சம உரிமையுள்ள குடிமக்களாக வாழ முடியுமா என்ற பேச்சு எழுந்தாலே, இரண்டு தரப்பும் குர்ஆன் வசனங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகின்றன. மார்க்கம்தான் தடை என்கிறது ஒரு தரப்பு. மார்க்கத்திலேயே எல்லா உரிமையும் இருக்கும்போது வேறு சட்டம் எதற்கு என்கிறது மறுதரப்பு. இந்த இருவருமே துனிசியாவைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆற்றாமை. ஏறத்தாழ மக்கள் அனைவரும் முஸ்லிம்களாக இருக்கும் அந்த நாடு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு போராடி வருகிறது. அண்மையில் அது மிக மோசமாகத் தோற்றும் போனது. அந்தத் தோல்விக்கு மார்க்கம் காரணமில்லை என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

1846-இல் ஆட்சியாளர் அஹ்மத் பே அங்கே அடிமை முறையை ஒழித்தார். அமெரிக்கா அதைச் செய்ய இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தன. 1861-இல் அரபு உலகின் முதல் எழுதப்பட்ட அரசியல் சாசனம் துனிசியாவில் வந்தது. மூன்றே ஆண்டுகளில், வரிக் கொடுமைக்கு எதிரான கிளர்ச்சியில் அது முடங்கியது. அடுத்து வந்தது பிரெஞ்சு ஆட்சி.

தாஹிர் ஹத்தாத் என்ற பெயரை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 1899-இல் பிறந்தவர், ஸைத்தூனா பள்ளிவாசல் கல்விக்கூடத்தில் ஓதியவர், தொழிற்சங்கக்காரர். 1930-இல், ஷரீஅத்தின் உள்ளே நின்றுகொண்டே, பெண்களுக்குச் சம உரிமை தர வேண்டும் என்று வாதாடி ஒரு நூல் எழுதினார். அவர் ஓதிய ஸைத்தூனாவே அவர் மீது பாய்ந்தது. பட்டத்துக்கு மதிப்பில்லாமல் போனது, பிழைப்பு போனது, நண்பர்கள் விலகினார்கள். 1935-இல், நாற்பது வயதுகூட ஆகாமல், காசநோயில் இறந்துபோனார். அவர் இறந்து இருபத்தொரு ஆண்டுகளில், அவர் கேட்டவற்றில் பெரும்பகுதி நாட்டின் சட்டமானது.

1956 மார்ச்சில் விடுதலை. அதே ஆண்டு ஆகஸ்ட் 13-இல் தனிநபர் சட்டத் தொகுப்பு. வாக்களித்து ஒரு நாடாளுமன்றம் நிறைவேற்றியதல்ல, விடுதலைப் போராட்டத் தலைவர் ஹபீப் பூர்கிபா ஆட்சிக்கு வந்ததும் மேலிருந்து கொண்டுவந்தது. மணமக்கள் இருவரின் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் செல்லாது. கணவன் வாயால் சொல்லும் தலாக் செல்லாது. மணவிலக்கு வேண்டுமானால் ஆணோ பெண்ணோ நீதிமன்றம் ஏற வேண்டும். இரண்டாம் மனைவி கட்டினால் ஓராண்டுச் சிறை. மனைவியரிடையே நீதமாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒருத்தியே போதும் என்ற வசனத்தையும், நீங்கள் எவ்வளவு விரும்பினாலும் அப்படி நடக்க உங்களால் இயலாது என்ற வசனத்தையும் சேர்த்து வைத்துத்தான் இந்தத் தடைக்கு நியாயம் சொல்லப்பட்டது. மறு ஆண்டே யூதர்களின் தனி நீதிமன்றமும் கலைக்கப்பட்டு, துனிசிய யூதர்களுக்கும் இதே சட்டம் என்றானது. பக்கத்து நாடுகள் பலவற்றில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாததை ஒரு முஸ்லிம் நாடு அந்தக் காலத்திலேயே செய்துவிட்டது.

ஆனால் பூர்கிபா ஒரு சர்வாதிகாரி. அவருக்குப் பின் வந்த பென் அலி அதைவிட மோசம். பள்ளிக்கூடத்தில் இந்த முரண் அப்பட்டமாகத் தெரியும். துனிசிய மனித உரிமை லீக் என்ற அமைப்பின் தலைவராக இருந்த சட்டப் பேராசிரியர் முஹம்மத் ஷர்ஃபி 1989-இல் கல்வி அமைச்சரானார். 1991-இன் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினாறு வயது வரை பள்ளியைக் கட்டாயமாக்கியது. மதக்கல்விப் பாடநூல்களும் குடிமையியல் பாடநூல்களும் புதிதாக எழுதப்பட்டன. வகுப்பில் பிள்ளைகள் மனித உரிமையைப் படித்தார்கள். அதே காலத்தில்தான் அரசு சங்கச் சட்டத்தைத் திருத்தி அதே லீக்கின் கழுத்தை நெரித்தது. இஸ்லாமிய இயக்கத்தவர் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். உரிமை என்பதைப் பாடமாக மட்டுமே படித்த அந்தத் தலைமுறைதான் 2010 டிசம்பரில் சிதி பூஸித் ஊரில் பூஅஸீஸி என்ற தெரு வியாபாரி தீக்குளித்த பிறகு தெருவுக்கு வந்தது. 2011 ஜனவரி 14-இல் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார்.

அதன் பிறகு வந்த சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 2011-இன் 88-ஆம் எண் ஆணை. ஒரு சங்கம் தொடங்க அரசிடம் யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அறிவித்தால் போதும். நோக்கத்தையும் விதிகளையும் எழுதி, ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். முப்பது நாளில் ஒப்புகை அட்டை திரும்பி வராவிட்டாலும் தபால் கிடைத்துவிட்டதாகவே கொள்ளப்படும். அலுவலகத்தில் கோப்பை மேசைக்கு அடியில் போட்டு வைத்து மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் தந்திரத்துக்கு இந்த ஒரே வரியில் முடிவு கட்டிவிட்டார்கள். சங்கம் வைக்கும் உரிமை என்று எத்தனை சாசனங்களில் எழுதினாலும், இந்த அட்டை விஷயத்தில்தான் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியும்.

இப்படி வளர்ந்த சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. 2012-இல் சாசன வரைவில், சமம் என்று சொல்லாமல், குடும்பத்துக்குள் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் நிறைவு செய்பவர்கள் என்று ஒரு வாசகம் வந்தது. ஆகஸ்ட் 13 அன்று துனிஸ் நகரில் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள், வாசகம் போனது. 2013-இல் ஷுக்ரி பெல்ஈத், முஹம்மத் பிராஹ்மி ஆகிய இரு எதிர்க்கட்சித் தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டு நாடு உள்நாட்டுச் சண்டையின் விளிம்புக்குப் போனபோது, தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம், மனித உரிமை லீக், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கும் சேர்ந்து கட்சிகளை ஒரே மேசையில் உட்கார வைத்தன. 2015-இல் அமைதிக்கான நோபல் பரிசு அதற்குத்தான். 2014 ஜனவரியில் நிறைவேறிய சாசனம் 217 பேர் அவையில் 200 வாக்கு பெற்றது. இஸ்லாமியக் கட்சியான அந்நஹ்தாவும் அதற்கு வாக்களித்தது. மனச்சாட்சிச் சுதந்திரமும் ஆண் பெண் சமத்துவமும் அதில் இருந்தன.

மார்க்கம் உண்மையிலேயே குறுக்கே நின்ற இடம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன்: வாரிசுரிமை. மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்ற மசோதா 2018-இல் வந்தது. ஷரீஅத் பங்கே போதும் என்பவர் அப்படி எழுதி வைத்துக்கொள்ளவும் அதில் வழி இருந்தது. அந்நஹ்தா எதிர்த்தது, மசோதா கிடப்பில் போனது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அதனால் குடியரசு சாயவில்லை.

சாய்ந்தது அரசியல் சாசன நீதிமன்றம் அமையாததால். பன்னிரண்டு நீதிபதிகள், நால்வரை நாடாளுமன்றமும், நால்வரை நீதித்துறை உயர் மன்றமும், நால்வரைக் குடியரசுத் தலைவரும் நியமிக்க வேண்டியிருந்தது. தேர்தல் முடிந்து ஓராண்டுக்குள் அமைய வேண்டும் என்று சாசனமே கெடு வைத்திருந்தது. நாடாளுமன்றம் ஒருவரைத் தேர்ந்தெடுக்க 145 வாக்கு தேவைப்பட்டது. உன் ஆள் வந்தால் மார்க்கத்தைத் திணிப்பான் என்று மதச்சார்பற்றவர்களும், உன் ஆள் வந்தால் எங்களை ஒழிப்பான் என்று அந்நஹ்தாவும் அஞ்சி அஞ்சி, ஏழாண்டுகளில் ஒரே ஒருவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2021-இல் தேவையான வாக்கைக் குறைத்துத் திருத்தம் கொண்டுவந்தபோது, குடியரசுத் தலைவர் கைஸ் சயீத் கையெழுத்திட மறுத்தார்.

அந்த ஆண்டு ஜூலை 25-இல் அதே கைஸ் சயீத் சாசனத்தின் 80-ஆம் பிரிவைச் சொல்லி நாடாளுமன்றத்தை முடக்கினார். அந்தப் பிரிவோ, அவசர காலத்தில் நாடாளுமன்றம் கூடியபடியே இருக்க வேண்டும் என்றது. முப்பது நாளுக்குப் பிறகு, முப்பது உறுப்பினர்கள் கேட்டால் அவசர நிலை தொடரலாமா என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் என்றது. வழக்குப் போட ஆள் இருந்தார்கள், சட்டமும் இருந்தது, நீதிமன்றம் இல்லை. கைஸ் சயீத் அந்நஹ்தாக்காரர் அல்ல, சட்டம் கற்பித்தவர். அந்நஹ்தா ஒழிந்தது என்று அன்றிரவு தெருவில் ஆடிப்பாடிய முற்போக்காளர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2022 பிப்ரவரியில் நீதித்துறை உயர் மன்றம் கலைக்கப்பட்டது. ஜூனில் 57 நீதிபதிகள் ஒரே ஆணையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோரின் நீக்கத்தை நிர்வாக நீதிமன்றம் நிறுத்திவைத்ததை அரசு மதிக்கவே இல்லை. செப்டம்பரில் வந்த 54-ஆம் எண் ஆணை, பொய்ச் செய்தி பரப்பினால் ஐந்தாண்டுச் சிறை என்றது. 2024 மே மாதத்தில், தொலைக்காட்சியில் நாட்டின் நிலையைப் பற்றிக் குத்தலாக ஒரு வார்த்தை சொன்ன வழக்கறிஞர் ஸோனியா தஹ்மானியை, முகமூடி அணிந்த போலீசார் வழக்கறிஞர் சங்கக் கட்டிடத்துக்குள்ளேயே புகுந்து பிடித்துப் போனார்கள். நோபல் பரிசு பெற்ற நால்வரில் ஒருவரான அதே சங்கம். 2025 அக்டோபரில் பெண்கள் உரிமைச் சங்கம் ஒன்றின் செயல்பாட்டை ஒரு மாதம் நிறுத்திவைத்தார்கள். 1956-இன் சட்டத் தொகுப்பு இன்னும் அமலில் இருக்கிறது. அதற்காகப் போராடியவர்கள்தான் வாயைத் திறக்க முடியாமல் இருக்கிறார்கள்.

ஆகவே, மார்க்கமா குடியுரிமையா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். எந்த நாட்டைப் பற்றிப் பேசினாலும், அங்கே நீதிபதியை யார் நியமிக்கிறார், யார் நீக்க முடியும், ஒரு சங்கத்தை ஓர் அதிகாரி தன் விருப்பத்துக்கு மூட முடியுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். துனிசியாவில் மறுபடி ஒரு காலம் வந்து புதிய அவை கூடுமானால், அது முதல் மாதத்திலேயே அந்தப் பன்னிரண்டு பேரையும் நியமித்து முடிக்க வழி செய்ய வேண்டும். உன் ஆளா, என் ஆளா என்ற சண்டையை அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் போடட்டும்.