தீபாவளி டியூட்டி லிஸ்ட்

ரயிலில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் தீபாவளி டியூட்டி லிஸ்ட் ஒட்டுவதோ பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போதுதான். டிக்கெட் எப்போது எடுப்பதாம்? கேட்டால் இன்சார்ஜ் சிஸ்டர், "உனக்கென்ன, புருஷனா பிள்ளையா? நீயே நைட் பாரும்மா" என்கிறார். கல்யாணம் ஆகாதவளுக்கு அம்மா அப்பா கூடவா இல்லை?

அன்றைக்கு ராத்திரி கேஷுவாலிட்டியில் பட்டாசுத் தீக்காயம் வரிசை கட்டும். ஆள் வேண்டும்தான், சரி. போன வருடம் பார்த்தவருக்கு இந்த வருடம் ஆஃப் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பாதிச் சண்டை வராது. கிறிஸ்துமஸுக்கு ஆஃப் கிடைத்தால் தீபாவளியைப் பார்த்துத் தர ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை. அப்புறம், பண்டிகையன்று வேலை பார்த்ததற்குப் பதிலாகத் தர வேண்டிய லீவு, அந்தக் காம்ப் ஆஃப்! பொங்கலே வந்தாலும் அது மட்டும் வராது.