மண்ணீரலுக்கு ஏன் இந்தப் பழி?

சிடுசிடுப்பைக் குறிக்கும் 'ஸ்ப்ளீன்' என்ற ஆங்கிலச் சொல் மண்ணீரலின் பெயர்தான் என்று அச்சொல்லைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சரியாகவே சொல்கிறது. ஆனால் ஏன் மண்ணீரல் என்பதை விட்டுவிட்டது. அதுதானே சுவையான பகுதி! ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என உடலில் நான்கு நீர்மங்கள் இருப்பதாகப் பண்டைய கிரேக்க மருத்துவம் நம்பியது. கரும்பித்தம் தங்கும் இடம் மண்ணீரல். அந்தப் பித்தம் மிகுந்தால் மனம் கசந்து இருண்டுவிடும் என்றார்கள். ஆழ்ந்த சோகத்தைக் குறிக்கும் 'மெலன்கலி' என்ற ஆங்கிலச் சொல்லும் அந்தக் கரும்பித்தத்தின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததே. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஸ்ப்ளீனை நோயாகவே கருதினார்கள். ஜார்ஜ் செய்ன் என்ற மருத்துவர் 1733இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். பிரெஞ்சுக்காரர்களும் இச்சொல்லை இரவல் வாங்கிக்கொண்டார்கள். பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் 1857ஆம் ஆண்டுக் கவிதைத் தொகுப்பில் இதே தலைப்பில் நான்கு கவிதைகள் இருக்கின்றன. கட்டுரையாளர் அவற்றையாவது குறிப்பிட்டிருக்க வேண்டும்.