கொயர் மாஸ்டருக்குச் சம்பளம் கேட்டால் பக்தி குறைந்துவிடுமா?

"ஆண்டவருக்காகச் செய்கிற ஊழியம், இதற்குப் போய்க் காசா?"

பாடகர் குழுவை நடத்துகிறவருக்கு மாதம் ஏதாவது கொடுக்கலாமே என்று சபைக் கமிட்டியில் பேச்செடுத்தால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்கிறவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் அது தப்பான கேள்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் ஆலய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக்கின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது.

பாக்கின் பக்தியை யாரும் சந்தேகிக்க முடியாது. ஆலயத்துக்காக எழுதும்போது தாளின் தலைப்பில் 'இயேசுவே, உதவும்' என்பதற்கான முதலெழுத்துகளைப் போடுவார். முடித்ததும் 'தேவன் ஒருவருக்கே மகிமை' என்பதற்கான எழுத்துகள் வரும். அவர் வைத்திருந்த விளக்கவுரை வேதாகமத்தின் ஓரங்களில் அவர் கைப்பட எழுதிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. சாலொமோன் ஆலயத்தில் பாடகரும் பூரிகைக்காரரும் ஒருமித்துத் துதிக்க, ஆலயம் மேகத்தால் நிறைந்தது என்று 2 நாளாகமம் 5-ல் வருகிறதல்லவா, அந்த இடத்துக்குப் பக்கத்தில், பக்தியோடு இசைக்கும்போது தேவன் எப்போதும் தம் கிருபையோடு அங்கே இருக்கிறார் என்ற கருத்தை எழுதி வைத்திருக்கிறார்.

இதே மனிதர்தான் 1730 அக்டோபரில் பழைய நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் வரவு செலவுக் கணக்குச் சொல்கிறார். அவர் வேலை பார்த்த ஜெர்மன் நகரமான லைப்சிக்கில் ஆண்டு வருமானம் சுமார் 700 தாலர் (அக்கால வெள்ளி நாணயம்). அதில் பெரும்பகுதி கல்யாணம், அடக்க ஆராதனை என்று அவ்வப்போது வரும் கட்டணம்தான். ஊரில் சாவு கூடினால் வரவு கூடும், ஆரோக்கியமான காற்று வீசினால் குறையும், போன வருஷம் அடக்கக் கட்டணத்தில் மட்டும் 100 தாலருக்கு மேல் குறைந்துவிட்டது என்கிறார். இதைப் படித்து முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது பிள்ளைகளைப் பெற்று, பத்துப் பேரை அடக்கம் பண்ணி, மிச்சம் பத்துப் பேரை வளர்த்த தகப்பன் அவர். கணக்குப் பார்க்காமல் எப்படி இருப்பார்?

1723-ல் லைப்சிக் நகர மன்றம் தோமா ஆலயப் பள்ளியின் காண்டராக, அதாவது பாட்டு ஆசிரியராகவும் நகர ஆலயங்களின் இசைப் பொறுப்பாளராகவும், அவரை எடுத்தபோது, அவர்கள் முதலில் விரும்பியது டெலிமான் என்ற இசையமைப்பாளரை. பிறகு கிரௌப்னர் என்ற இன்னொரு இசையமைப்பாளரை. இரண்டு பேருமே வராததால் பாக். சிறந்தவர்கள் கிடைக்காதபோது நடுத்தரமானவரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மன்ற உறுப்பினர் ஒருவர் பேசியது பதிவாகியே இருக்கிறது.

வேலை என்னவென்று பாருங்கள். பள்ளிப் பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் விடுதியைக் கண்காணிக்க வேண்டும். நகரத்தின் நான்கு ஆலயங்களுக்குப் பாடகர்களைப் பிரித்து அனுப்ப வேண்டும். இதற்கு நடுவில், முதல் சில ஆண்டுகள், ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு கான்டாட்டாவைப் புதிதாக எழுதினார். அன்றைய சுவிசேஷப் பகுதிக்குப் பொருந்த, தனிக்குரல், கூட்டுக்குரல், வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்த இருபது நிமிஷ இசை. ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள் வேண்டும். ஜெராக்ஸ் கடை இல்லாத காலம். மாணவர்களும் மனைவி அன்னா மக்தலேனாவும் பிள்ளைகளும் உட்கார்ந்து கையால் பகர்த்து எழுதினார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆராதனை. திங்கட்கிழமை மறுபடி வெற்றுத்தாள்.

அவர் கேட்டதோ ரொம்பச் சின்ன விஷயங்கள். 1724-ல் பெரிய வெள்ளிக்காக, யோவான் சுவிசேஷத்தின்படியான பாடுகளை இசையாக்கியபோது, ஹார்ப்சிகார்டை (பியானோ போன்ற பழைய வாத்தியம்) பழுது பாருங்கள், மாடத்தில் பாடகர்கள் நிற்க இன்னும் கொஞ்சம் இடம் பண்ணிக்கொடுங்கள் என்றார். 1730 ஆகஸ்டில் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதில் வேதனையான ஒரு கணக்கு இருக்கிறது: பையன்களில் 17 பேர் தேறியவர்கள், 20 பேர் இன்னும் பழக வேண்டியவர்கள், 17 பேருக்குப் பாட்டே வராது. வாத்தியம் வாசிக்க 18 முதல் 20 பேர் தேவை, ஊர் சம்பளம் கொடுப்பது எட்டுப் பேருக்கு. டிரெஸ்டனில் அரசர் தம் இசைக்காரர்களை எப்படி வைத்திருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றும் எழுதினார். அதே மாதத் தொடக்கத்தில் மன்றம் கூடி, காண்டர் வேலையே செய்வதில்லை என்று குறை பேசியிருந்தது.

1739-ல் மன்றத்திலிருந்து ஆள் வந்து, அனுமதி வரும்வரை பெரிய வெள்ளி இசையை நடத்தக்கூடாது என்றபோது அவர் சொன்ன பதில் என்னை உலுக்கியது. நடக்காவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு அதில் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை, பாரம் மட்டும்தான் என்றாராம். மத்தேயுவின்படியான பாடுகளை இசையாக்கிய மனிதர் வாயிலிருந்து இப்படி வரவைத்தது யார்? பக்தி குறைந்துதான் அப்படிப் பேசினார் என்று என்னால் நம்ப முடியவில்லை. பதினாறு வருஷம் தனியாகச் சுமந்தவரின் களைப்பு அது.

சரி, நம் ஊருக்கு வருவோம். அந்த ஜெர்மன் லுத்தரன் ராகங்கள் தரங்கம்பாடி மிஷனரிகள் வழியாக அந்தக் காலத்திலேயே தமிழுக்கு வந்து, ஞானப்பாட்டாக இன்றும் பாடப்படுகின்றன. ராகத்தைப் போலவே காண்டரின் கஷ்டமும் நம்மிடம் இருக்கிறது. எங்கள் கொயர் மாஸ்டர் வார நாளில் வேலைக்குப் போகிறவர். சனிக்கிழமை சாயங்காலம் கீபோர்டில் நான்கு குரல் பகுதிகளில் முதலில் சோப்ரானோவை வாசித்துக் காட்டுவார், அப்புறம் ஆல்டோ, அப்புறம் டெனர். டெனரில் இரண்டு பேர்தான் வந்திருப்பார்கள். பேஸில் நிற்கும் எங்களுக்கு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக் காட்டி, அவர் தொண்டையே கட்டிப்போகும். சோல்ஃபா இசைத்தாளுக்கான ஜெராக்ஸ் செலவும் பெட்ரோலும் அவர் கைக்காசு. லெந்து காலம் வந்தால் குடும்பத்தோடு ஒரு மாலைகூட அவருக்குக் கிடையாது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் காதில் விழுவது, "இன்றைக்குப் பாட்டு கொஞ்சம் இழுத்துவிட்டதே."

ஒலிபெருக்கி மாற்ற, பண்டிகைக்குப் பந்தல் போட நம்மிடம் பணம் இருக்கிறது. அந்த மைக்கில் பாட ஆட்களைப் பழக்குகிறவருக்கு மட்டும் 'பரலோகத்தில் பலன் உண்டு' என்கிறோம்.

வேதத்தைப் புரட்டினால் வேறு மாதிரி இருக்கிறது. பாடகர்கள் இரவும் பகலும் தங்கள் வேலையில் இருந்தபடியால் மற்ற வேலைகளிலிருந்து விலக்கப்பட்டார்கள் என்று 1 நாளாகமம் 9-ல் வாசிக்கிறோம். நெகேமியா 13-ல் லேவியருக்குரிய பங்கு கொடுக்கப்படாததால் லேவியரும் பாடகரும் அவரவர் வயலுக்கு ஓடிப்போகிறார்கள். நெகேமியா ஓடிப்போனவர்களைக் கண்டிக்கவில்லை. தலைவர்களைக் கூப்பிட்டு, தேவனுடைய ஆலயம் ஏன் கைவிடப்பட்டது என்று சண்டை போடுகிறார். பாடகர்களைத் திரும்ப வரவழைத்து அவரவர் இடத்தில் நிறுத்துகிறார். தசமபாகமும் களஞ்சியத்துக்கு வருகிறது.

எங்கள் சபையின் அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் மூன்று கேட்கப்போகிறேன்: கொயர் மாஸ்டருக்கு மாத ஊதியம், ஆர்கனிஸ்டுக்கு மாத ஊதியம், இசைத்தாள் செலவுக்கு என்று தனித் தொகை. உங்கள் சபையில் இந்த ஏற்பாடு ஏற்கனவே இருந்தால், எவ்வளவு கொடுக்கிறீர்கள், எந்தக் கணக்கிலிருந்து எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். கூட்டத்தில் காட்ட உதவும்.