'35 வயதில் கதவு மூடிவிடும்' என்பது உண்மையா?

'35 தாண்டினால் பெண்ணுக்குக் குழந்தை பிறக்காது, படிப்பு மோகத்தில் தள்ளிப்போடுகிறார்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முதல் பாதி தவறு. ஐரோப்பியத் தம்பதிகளிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், 35 முதல் 39 வயதுப் பெண்களில், வாரம் இரண்டு முறை உறவுகொண்டவர்களில் சுமார் 82% பேர் ஓராண்டுக்குள் கருவுற்றார்கள். அதற்காக வயது பொருட்டே இல்லை என்று சொல்ல முடியாது. வாய்ப்பு 32 வாக்கில் மெல்லக் குறையத் தொடங்கி, 37-க்குப் பிறகு வேகமாகச் சரிகிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியின் இணையதளத்தில் இதைப் பார்க்கலாம்.

சரி, மோகமா? பொருத்தமான துணை, நிலையான வருமானம், வீடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், உடல்நிலை என எத்தனையோ சேர்ந்துதான் காலத்தைத் தீர்மானிக்கின்றன. இதில் பாதி ஆணின் கையிலும் இருக்கிறது, அதைச் செய்தி வசதியாக மறந்துவிட்டது! 35-க்கு மேல் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் இருவரும் மருத்துவரைப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.